ஆக்ரா ஓயாக் கரையில் – 9: கொழுந்து குறையும் மாதம்

பீலியில் தண்ணீர் நூலாக விழத் தொடங்கிவிட்டால் எங்கள் லயத்தில் தை பிறந்துவிட்டது என்று அர்த்தம். நாட்காட்டியைப் பார்க்க வேண்டியதில்லை. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் ஒரு நிமிடத்தில் நிறைந்த வாளி, இப்போது அரைப்பாட்டு ஊர்க்கதை பேசி முடிக்கும் வரைக்கும் நிறையாது. விடிய ஐந்து மணிக்கே பீலிக்கரையில் வாளிகள் வரிசை கட்டி நிற்கும். ஆட்கள் குளிருக்குப் பயந்து இஸ்தோப்பில் ஒதுங்கிக்கொள்வார்கள். வரிசை மட்டும் குலையாது. யாருடைய வாளி யாருக்குப் பின்னால் என்பது இருபது காம்பராவுக்கும் தெரியும்.

எங்கள் லிந்துலைக்குப் புதிதாக வருகிறவர்கள் இந்த மாதங்களில்தான் வர விரும்புகிறார்கள். வானம் கழுவிவிட்டதுபோல் நீலமாக இருக்கும். தலவாக்கலையிலிருந்து நுவரெலியா போகும் பெருந்தெருவில் வாகனங்கள் நின்று நின்று போகும். எல்லோரும் படம் எடுப்பார்கள். "எவ்வளவு அழகான இடத்தில் பிறந்திருக்கிறீர்கள்" என்று சொல்வார்கள். அழகுதான், மறுக்கமாட்டேன். ஆனால் அந்த அழகான மாதங்களில் எங்கள் அடுப்படி எப்படி இருக்கும் என்பதைத்தான் இந்த வாரம் எழுத வேண்டும் என்று நினைத்தேன். தேயிலைக்கு ஒரு நல்ல காலம் இருக்கிறது, அதைப் பறிக்கிறவர்களுக்கு ஒரு நல்ல காலம் இருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் வருவதில்லை.

மழை எங்களுக்கு மேற்கிலிருந்து வருவது. வைகாசியில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை மலையின் இந்தப் பக்கத்தை நனைத்து எடுக்கும். மார்கழி, தை மாதங்களில் காற்று திசை மாறி வடகிழக்கிலிருந்து வீசும். அந்தக் காற்று கொண்டுவரும் ஈரத்தை ஊவாப் பக்கத்துச் சரிவுகளும் நடுவில் நிற்கும் பெரிய மலைத்தொடரும் வாங்கிக்கொள்ளும். இந்தப் பக்கம் இறங்கும்போது அது வெறும் குளிர்காற்று, வறண்ட காற்று. பகலில் முதுகைச் சுடும் வெயில். இரவில் மேகமே இல்லாத வானம். பகல் வாங்கிய சூடெல்லாம் இரவோடு இரவாகப் போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீரைப் போலவே அதுவும் பள்ளத்தைத் தேடி இறங்கும். அதனால்தான் மலை உச்சியில் இருக்கும் லயங்களைவிட ஆற்றை ஒட்டிய பள்ளத்து மலைகளில் உறைபனி கூடுதலாகக் கொட்டுகிறது. அக்கரப்பத்தனை, டயகம பக்கம் புல் மேல் உப்புத் தூவியதுபோல் வெள்ளை கிடக்கும். அதைப் பார்க்கச் சின்னப் பிள்ளைகள் ஓடுவார்கள். பெரியவர்கள் தேயிலையைப் பார்ப்பார்கள். வெயில் ஏற ஏற, பனி பட்ட கொழுந்து வெந்நீர் ஊற்றிய கீரையைப் போல் துவண்டு, இரண்டு நாளில் கறுத்துவிடும். அந்த மலையில் மறுபடி கூடை ஏற வாரக்கணக்காகும்.

பனி படாத மலையிலும் செடி சும்மா இருந்துவிடுகிறது. குளிரும் வறட்சியும் சேர்ந்தால் கொழுந்து மெதுவாகத்தான் வரும். மெதுவாக வரும் கொழுந்தில்தான் மணம் கூடும். திம்புள்ளைத் தேயிலை என்று கொழும்பு ஏலத்தில் பெயர் சொல்லி வாங்குகிறார்களே, அதில் உச்சமான சரக்கு தை முதல் பங்குனி வரை இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் அரைபடுவதுதான். 1883இல் தொடங்கிய ஏலம் அது. 1925இல் அமைக்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையமும் இங்கே தலவாக்கலை சென்கூம்ஸ் தோட்டத்தில்தான் இருக்கிறது. வறண்ட குளிர்காற்று கொழுந்துக்குள் என்ன செய்கிறது என்பதை அங்கே கருவிகளை வைத்துப் பார்க்கிறார்கள். எங்கள் அம்மா கையை வைத்துப் பார்ப்பார். கொழுந்தை ஒடிக்கும்போது வரும் சத்தத்திலேயே, "இன்னைக்கு எடை நிக்காது" என்பார்.

எடை நிக்காது என்றால் என்ன என்பதைக் கொழுந்து மடுவத்தில் நின்று பார்த்தால்தான் விளங்கும். ஒரு மத்தியானம் நான் நின்றிருக்கிறேன். அம்மா இறக்கிய கூடையில் கொழுந்து அடித்தட்டை மட்டும் மூடிக் கிடந்தது. அவர் அதை அள்ளிச் சாக்கில் போடும்போது விரல்களைப் பார்த்தேன். ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் தேயிலைச் சாயம் ஏறி, குளிரில் வெடித்து, அந்த வெடிப்புக்குள் கறுப்புக் கோடு கோடாக இருந்தது. தேங்காயெண்ணெய் தடவியும் போகாத கோடு. தராசில் முள் ஆடி நின்றது. காலையிலிருந்து நான்கு கிலோ. கணக்கப்பிள்ளை நல்ல மனிதர், சத்தமாக வாசிக்கவில்லை; துண்டில் எழுதிக் கொடுத்தார். பல தோட்டங்களில் 18 கிலோ, 20 கிலோ எடுத்தால்தான் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம். அதற்குக் குறைந்தால் அரைப்பேர். மாலை வரைக்கும் எல்லா மலையையும் சுற்றினாலும் அன்றைக்கு 10 கிலோவைத் தாண்டாது என்று வரிசையில் நின்ற எல்லோருக்கும் தெரியும்.

நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபா ஆனது. 2024இல் 1,350 ஆனது. ஒவ்வொரு தடவையும் வெடி கொளுத்தினோம். ஆனால் அது முழுப்பேருக்கான தொகை. உலகம் விலை கூடக் கொடுத்து வாங்கும் தேயிலையைப் பறிக்கும் மாதத்தில்தான், பறித்தவரின் துண்டில் அரைப்பேர் விழுகிறது. ஏலத்தில் கூடுகிற விலைக்கும் அந்தத் துண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. இது அநியாயம். எத்தனை தடவை சொன்னாலும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

அந்த மாதங்களை எங்கள் வீடு எப்படிக் கடந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். ரொட்டிதான் முதல் பதில். கோதுமை மாவில் தேங்காய்ப்பூவும் உப்பும் போட்டு இறுகப் பிசைந்து, தட்டி, கல்லில் போட்டு எடுக்கும் தடித்த ரொட்டி. மிளகாயும் வெங்காயமும் அம்மியில் வைத்து நைத்த கட்டச் சம்பல். இரண்டையும் துணியில் முடிந்து மலைக்குக் கொண்டுபோனால் மத்தியானம் வரை தாங்கும். 2022இல் மா விலை ஏறியபோது, தேங்காய்ப்பூ குறைந்த ரொட்டி, பிறகு தேங்காய்ப்பூவே இல்லாத ரொட்டி என்று எங்கள் பக்கம் எத்தனையோ வீடுகள் இறங்கிப் போனதைப் பார்த்தேன்.

ஆனால் ரொட்டியால் மட்டும் பிள்ளை வளராது. எங்களை வளர்த்தது பச்சை. அம்மா மலையிலிருந்து திரும்பும்போது தலைத்துணியின் ஒரு முனையில் எப்போதும் ஒரு முடிச்சு இருக்கும். அவிழ்த்தால் வல்லாரை இருக்கும், பொன்னாங்காணி இருக்கும், சில நாள் குறிஞ்சா. கடையில் வாங்கியது ஒன்றும் இல்லை. தேயிலை வரிசைகளுக்கு நடுவே ஓடும் கானின் ஓரத்தில், ஈரம் இன்னும் மிச்சம் இருக்கும் இடத்தில், முளைத்தவை. வறட்சி கடுமையாகி மேட்டுநிலம் காய்ந்தபிறகும் கான் ஓரத்து வல்லாரை பச்சையாகவே இருக்கும். அதன் இலை மட்டும் சிறுத்து, தடித்து, கசப்புக் கூடிவிடும்.

அந்த வல்லாரையை அம்மா அரியும் விதத்தை இன்றைக்கும் என் கை அப்படியே செய்கிறது. மூன்று தண்ணீரில் அலசி, காம்போடு சேர்த்து ஒரு கட்டாகச் சுருட்டி, இடக்கைக்குள் இறுக்கிப் பிடித்து, கத்தியைத் தலைமுடி அளவு நகர்த்தி நகர்த்தி அரிய வேண்டும். தடிப்பாக அரிந்தால் கசக்கும். பிறகு தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கொஞ்சம் மாசி, உப்பு. கடைசியில்தான் தேசிக்காய்ப்புளி. புளி விட்டதும் கையால் ஒரே ஒரு தடவை பிசைந்து உடனே சாப்பிட வேண்டும், வைத்தால் தண்ணீர் விட்டுவிடும். அரைப்பேர் விழுந்த நாட்களிலும் எங்கள் தட்டில் இந்தப் பச்சை இருந்தது. அம்மா அதை வறுமையின் சாப்பாடு என்று ஒருநாளும் சொன்னதில்லை. "மலை குடுத்தது" என்பார்.

மலை கொடுப்பது எல்லாம் கீரையாகவும் இருப்பதில்லை. எங்கள் பக்கத்து ஊர்ப்பெயர்களைக் கவனித்திருப்பீர்கள்: தலவாக்கலை, மட்டக்கலை, லிப்பக்கலை, தங்கக்கலை, பம்பரக்கலை. இந்தக் கலை நம்முடைய கலை அல்ல. காடு என்று பொருள்படும் சிங்களச் சொல் தமிழ் வாயில் விழுந்து இப்படி ஆனது. கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் காடுகளை அழித்தார்கள், பெயரில் மட்டும் காடு மிஞ்சியது. பம்பர என்பது பாறையிலும் உயர்ந்த மரத்திலும் கூடு கட்டும் பெரிய தேனீ. நாங்கள் குளவி என்று ஒரே பெயரால் அழைப்பவற்றுள் அதுவும் ஒன்று. மரங்கள் பூக்கும் மாதங்களில் அவை மலைக்கு ஏறி வரும். தேயிலை மலையில் நிற்கும் பெரிய மரத்தில் கூடு தொங்கும். ஒரு பருந்து இடித்தாலும் போதும், கீழே கொழுந்து பறிக்கும் பெண்கள் மேல் கூட்டமாக இறங்கும். முதுகில் கூடையோடு சரிவில் எப்படி ஓடுவது? குளவி கொட்டி வைத்தியசாலைக்குப் போனவர்கள் பற்றிய செய்தி இல்லாத வருடம் கிடையாது. உயிர் விட்டவர்களும் இருக்கிறார்கள். கூடு இருக்கும் மலைக்கு ஆள் அனுப்பாமல் இருப்பது ஒன்றும் பெரிய விஞ்ஞானம் அல்ல. காலையில் ஒருவர் போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தால் போதும்.

மாசி பிறந்தால் பசிக்கு நடுவிலும் ஒரு கொண்டாட்டம் வந்துவிடும். அமாவாசை கழிந்து காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றுவார்கள். பௌர்ணமியில் காமன் எரியும் வரை இரவுகளில் தப்புச் சத்தம் மலைக்கு மலை கேட்கும். மழை இல்லாத மாதம் என்பதால்தான் விடிய விடிய வெட்டவெளியில் கூத்தாட முடிகிறது. கொழுந்து குறைந்த மாதம் என்பதால் உடம்பிலும் கொஞ்சம் தெம்பு மிஞ்சியிருக்கும். ரதி மதன் கதைக்கு ஊரே அழும். மறுநாள் காலை வேலை பிரிக்கும் பெரட்டில் கண் சிவந்து நிற்கும்.

அதே வறட்சியில்தான் மஸ்கெலியாப் பக்கம் இன்னொரு காட்சி. 1960களின் இறுதியில் மவுசாக்கலை நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போனது. கோவில், விகாரை, பள்ளிவாசல் எல்லாம் ஒன்றாகவே மூழ்கின. பங்குனி, சித்திரையில் நீர்மட்டம் நன்றாக இறங்கும் வருடங்களில் அந்தக் கட்டடங்களின் மிச்சம் வெளியே தெரியும். ஆட்கள் சேற்றில் இறங்கிப் போய்ப் பழைய கோவிலில் கற்பூரம் கொளுத்திவிட்டு வருவார்கள். நானும் ஒருமுறை போனேன். என்னோடு வந்த ஒரு முதியவர் வெடித்த சேற்றில் ஓரிடத்தைக் காட்டி, "இந்தா, இங்கதான் தம்பி ரொட்டிக்கடை" என்றார். அங்கே ஒன்றுமே இல்லை. அவர் கொஞ்ச நேரம் அந்த இடத்திலேயே நின்றார்.

எங்களுடைய நீர்த்தேக்கம் அப்படிப் பெரியது அல்ல. ஹோர்ட்டன் சமவெளியின் உயரங்களிலிருந்து இறங்கும் ஓடைகளைச் சேர்த்துக்கொண்டு லிந்துலையைக் கடக்கும் ஆக்ரா ஓயா, கொத்மலை ஓயாவாகித் தலவாக்கலை நகரத்தின் காலடியில் ஒரு நீண்ட ஒடுங்கிய ஏரியாக நிற்கிறது. மேல் கொத்மலைத் திட்டம், 2012இல் திறந்தார்கள். 35 மீற்றர் உயர அணை. ஏறக்குறைய 13 கிலோமீற்றர் சுரங்கத்தில் தண்ணீர் போய் 150 மெகாவொட் மின்சாரம் தருகிறது. அதற்காக ஆற்றங்கரையில் குடியிருந்த ஏறத்தாழ 500 குடும்பங்கள் மேட்டுக்கு மாற்றப்பட்டன. புது வீடுகள் பழைய காம்பராக்களைவிட நல்லவை, அதைச் சொல்லாமல் விடுவது நேர்மை ஆகாது. ஆனால் ஆற்றங்கரை வீட்டின் பின்புறத்தில் ஒரு மரக்கறிப் பாத்தி இருந்தது. வண்டல் மண். போஞ்சியும் கரட்டும் கோவாவும் கேட்காமலே விளைந்த மண். அதற்குப் பதிலாக மேட்டில் கிடைத்த மண்ணில் அப்படி விளையவில்லை.

சித்திரையில் முதல் இடி விழும். பின்னேரத்தில்தான் விழும். அந்த ஓர் இடிக்கு மலை முழுக்கக் காத்திருக்கும். இடி முழங்கினால் காளான் முளைக்கும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. மறுநாள் விடியற்காலையில் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகக் கல்யாண முருங்கை மரத்தடிகளைத் தேடி ஓடுவார்கள். எந்தக் காளானைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதை லயத்துக் கிழவிகள் பார்த்துச் சொல்வார்கள். அவர்கள் பார்க்காத காளான் அடுப்பேறாது. மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு வைத்த அந்தக் குழம்பின் மணத்துக்கு ஆட்டிறைச்சி ஈடாகாது.

அந்த மழையோடு கொழுந்து பொங்கிவிடும். இரண்டு வாரத்தில் மலை வெளிர்பச்சையாக மாறும். அரைப்பேர் என்ற பேச்சே இருக்காது. முழுப்பேருக்கு மேல் கிலோக் காசு, ஞாயிற்றுக்கிழமையில் கைக்காசு. அம்மன் திருவிழாவை எங்கள் தோட்டங்கள் இந்தக் காலத்தில் வைத்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். கையில் காசு, பீலியில் தண்ணீர். கரகம் பாலிக்க ஆற்றுக்குப் போகும்போது ஆறும் ஆறாக இருக்கும்.

வைகாசிக்குப் பிறகு வரும் நான்கு மாத அடைமழையைப் பற்றித் தனியாக ஒரு வாரம் எழுத வேண்டும். படங்கைத் தலையோடு போர்த்தி, காலுக்குச் சவர்க்காரம் பூசி அட்டையைத் தடுத்து, நனைந்த கூடையின் பாரத்தோடு சரிவில் நிற்கும் அந்த மாதங்களை இந்தப் பத்தியில் அடக்க முடியாது. நீர்த்தேக்கம் நிறைந்து வான்கதவு திறக்கும்போது கீழே சென்கிளயர் நீர்வீழ்ச்சி பழைய முழக்கத்தோடு விழும். அணைக்குள் மீன் ஏறும். வெள்ளைக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தங்கள் தூண்டிலுக்காக நுவரெலியா ஓடைகளில் டிரவுட் மீனை விட்டார்கள். எங்கள் சட்டிக்கு வந்தது அது அல்ல, திலாப்பியாதான். அந்த மாதங்களில் ஆற்று நீர் செம்மண் நிறத்தில் போவதைப் பாருங்கள். மேலே இருக்கும் மரக்கறித் தோட்டங்களும் கவ்வாத்து வெட்டிய மலைகளும் இழக்கும் மண் அது. மகாவலியில் சேர்ந்து, அந்த ஆற்றோடு திருகோணமலைப் பக்கம் வரை போகும் தண்ணீர். எங்கள் மலையில் என்ன ஊற்றினாலும் அது இந்த நாட்டின் நீண்ட ஆற்றில்தான் ஊற்றப்படுகிறது.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. போன தை மாதம் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். இப்போது அவர் மலைக்குப் போவதில்லை. மத்தியானச் சாப்பாட்டில் வல்லாரை இல்லை. கேட்டேன். "மருந்தடிச்சுட்டாங்கப்பா" என்றார். "எப்ப அடிச்சாங்க?" "யாருக்குத் தெரியும்? போய்ப் பார்த்தா கான் ஓரமெல்லாம் மஞ்சளா கிடக்கு. நான் போறதுக்கு ரெண்டு நாள் முந்தித்தான் அடிச்சிருந்தா மஞ்சளாகி இருக்காது, நான் பறிச்சுக்கிட்டு வந்திருப்பேன்." கடைசி வாக்கியத்தை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

முன்பு சுரண்டி எடுத்துப் புல்லு வெட்டினார்கள். வெட்டுகிறவர்களின் கண்ணுக்குக் கீரை எது, களை எது என்று தெரியும். வல்லாரையை விட்டுவிட்டு வெட்டுவார்கள். ஆட்கள் குறைய, புல்லு மருந்து வந்தது. கிளைபோசேட் மருந்துக்கு 2015இல் தடை விதித்தார்கள். 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் அதைத் தளர்த்தினார்கள். தோட்டத்துக்கு ஆள் இல்லை, புல் மண்டினால் கொழுந்து இல்லை என்று நிர்வாகங்கள் சொல்வது பொய் அல்ல. மலையில் நடந்து பார்த்தவனுக்கு அது தெரியும். ஆனால் கீரையும் களையும் ஒன்றாகச் சாகும் ஒரு மலையில், அரைப்பேர் மாதத்தைக் கடக்க எங்கள் பெண்களுக்கு என்ன மிஞ்சுகிறது? கடையில் ஒரு கட்டு வல்லாரைக்குக் காசு கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்கக் காசு இல்லாத மாதத்தைப் பற்றித்தான் இவ்வளவு நேரமும் பேசினேன்.

காணி விஷயமும் இதில்தான் வந்து சேர்கிறது. வீட்டுக்கு 7 பேர்ச்சஸ் நிலம் என்று கணக்குப் போட்டவர்கள் வீட்டை அளந்தார்கள், பாத்தியை அளக்கவில்லை. கூரையும் கழிவறையும் வாசலும் போக, ஐந்து பேருக்குக் கறி விளைய அதில் எங்கே இடம்? லயத்தைச் சுற்றிப் பாட்டன் காலத்திலிருந்து பயிரிட்டு வந்த துண்டு நிலங்கள் யாருடைய உறுதியிலும் இல்லை. எங்கள் வீட்டுக்கு மேலே இருந்த பாத்தியில் இப்போது கம்பிவேலி நிற்கிறது.

தோட்ட நிர்வாகங்களுக்கும் தோட்டத் தலைவர்மாருக்கும் நான் கேட்பது பெரிய காசு செலவாகும் காரியம் அல்ல. லயத்தைச் சுற்றியும், பீலிக்கு மேலேயும், கான் ஓரங்களிலும், ஆற்றங்கரையிலும் மருந்தடிக்காமல் விடுங்கள். அங்கே சுரண்டி போதும். மற்ற மலைகளில் அடிப்பதானால், எந்த நம்பர் மலை, எந்த நாள் என்பதை முதல் நாள் பெரட்டிலேயே சத்தமாகச் சொல்லுங்கள். அடித்த மலையின் தலைப்பில் ஒரு சிவப்புத் துணி கட்டுங்கள். துணி கட்டியிருந்தால் எங்கள் அம்மாமார் அந்தக் கான் பக்கம் கை வைக்கமாட்டார்கள்.

(தொடரும்)